காவலுக்கு வந்த கப்பல்

வடகோடிக் கடலில், உறைந்த பனிமேல் ஒரு கடல்நாய் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பனியைப் பிளந்துகொண்டு வந்து நின்றது ஒரு போர்க்கப்பல். நீந்தப் பழகாத குட்டி தண்ணீரில் விழுந்தது.

அதைக் கவ்வி ஒரு துண்டுப் பனிமேல் போட்டுவிட்டுக் கடல்நாய் கப்பலைப் பார்த்துக் கத்தியது: "உன் கண்ணு அவிஞ்சா போச்சு? மூச்சு விட குளிர்காலம் பூரா நகத்தால சுரண்டி ஒரு ஓட்டை வெச்சிருந்தேனே, எங்கே அது?"

"கோபப்படாதேம்மா. உன்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன். எதிரிக் கப்பல் ஒண்ணு வரப்போகுது."

"வந்தா என்ன பண்ணும்?"

"ஈவிரக்கமே கிடையாது அதுக்கு. நீ படுத்திருக்கிற பனியையே உடைச்சிடும்."

மிதக்கும் துண்டுகளைக் கடல்நாய் சுற்றிப் பார்த்தது.

"அப்படின்னா அது வந்தாச்சு," என்றது.