முத்தரசி வீட்டு வேப்பிலை

ஈஸ்வரி பிள்ளையின் வாயைப் பொத்தியபடி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நர்சம்மாவின் செருப்புச் சத்தம் நின்றது. அம்மைத் தடுப்பூசி இருக்கும் ஐஸ் பெட்டியைப் படியில் வைப்பது கேட்டது.

போய்விடுவாள். கதவில் வேப்பிலை தொங்குகிறதே. அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். காய்ச்சல் பிள்ளைக்கு ஊசியும் போட மாட்டார்கள்.

பிள்ளைக்கு அம்மையும் இல்லை, காய்ச்சலும் இல்லை. காலையில் ஒரு முழு இட்லியைத் தின்றுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டிருந்தான். பதினோரு மாதத்துக்கு அந்தச் சேட்டை அதிகம்தான்.

தெருவின் ஒரே வேப்பமரம் மொட்டையாகிவிட்டது. எட்டு வீட்டில் அம்மை. அதனால்தான் பால் வாங்கப் போன சாக்கில், பக்கத்து வீட்டு முத்தரசியின் கதவிலிருந்தே ஒரு கொத்தை உருவிக்கொண்டு வந்தாள்.

அம்மை வீட்டிலிருந்து ஒரு குண்டுமணிகூட எடுத்து வரக்கூடாது. அவளுக்கும் தெரியும். எடுத்தாயிற்று.

சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவினாள். மஞ்சளும் தேய்த்தாள். மனசு ஆறவில்லை.

அந்தக் கைதான் இப்போது பிள்ளையின் வாயில் இருந்தது.

கையை மாற்றினாள்.

இலையைக் கதவில் கட்டி முடிச்சுப் போட்டது இரண்டு கையாலும்தானே என்று ஞாபகம் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் முத்தரசியின் மகள் இருமினாள். மூன்று நாளாக இதே இருமல். ஒவ்வொன்றுக்கும் இவள் உடம்பு தூக்கிப் போட்டது.

இந்த நர்சம்மா ஏன் இன்னும் போகவில்லை?

போ. போய்த் தொலை.

எதிர்ச் சுவரில், மாலை போட்ட படத்துக்குள் யாழினி சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை. இதே ஊசி போட்ட நாலாம் நாள் போனவள். மூளைக்காய்ச்சல், ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துச் சொன்னார்கள். தலையாட்டினாள். தலைதானே, ஆட்டலாம்.

பிள்ளை திமிறினான். உள்ளங்கையில் இரண்டு பல் பதிந்தது.

நர்சம்மா கதவைத் தட்டவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"ஈஸ்வரி, நேத்து இந்தக் கதவுல ஒண்ணும் இல்ல. இன்னைக்குக் காஞ்ச இலை தொங்குது. எனக்குத் தெரியாதா?"

நர்சம்மா படியில் உட்காருவது கேட்டது.

"யாழினிக்கு ஊசி போட்டதும் நான்தாம்மா. உன் வாசல்ல நிக்கையில எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காகத் தம்பிய விட்டுட்டுப் போகச் சொல்றியா?"

ஐந்து வருடமாக அந்தப் பெயரை அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. சொன்னால் அழுவாள் என்று பயம். அவளுக்கு அழுகை வரவில்லை. இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்றிருந்தது.

சுவருக்கு அப்பால் இருமல் கிளம்பியது. பாதியில் நின்றது.

அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

வரவில்லை.

"வெண்ணிலா" என்று முத்தரசி மகளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு இன்னும் சத்தமாக ஒரு தடவை. அப்புறம் முத்தரசி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

நர்சம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் ஓடினாள்.

ஈஸ்வரி பிள்ளையின் வாயிலிருந்து கையை எடுத்தாள். அவன் மூச்சை இழுத்துத் தெருவுக்கே கேட்கிறமாதிரி அலறினான்.

அவள் எழுந்து தாழ்ப்பாளை நீக்கினாள். கதவில் தொங்கிய இலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நர்சம்மா திரும்பி வந்து இவனுக்கு ஊசி போடட்டும் என்று வாசலில் நின்றாள்.