பதினான்கு மில்லிமீட்டர்

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

ஒரு முறை. ஒரு முறை என்றால் ஆமாம்.

அவள் கையில் இருந்தது பதினான்கு மில்லிமீட்டர் டிரில் பிட்.

"பதினாலா? நல்லா பாத்துச் சொல்லுங்க."

மறுபடியும் ஒரு முறை. இதில் என்ன சந்தேகம் என்பது போல.

பதினான்கு தப்பு.

தூண்டில் ராடின் அடிப்பாகம்தான் பதினான்கு. தக்கைப் பிடி உட்காரப்போவது அங்கே அல்ல. ரீலுக்கு மேலே, அடிப்பாகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி. அங்கே ராடு மெலிந்து பதினொன்றுக்கு வந்திருக்கும். பத்தரையில் துளை போட்டு, உருட்டு அரத்தால் ராவி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். தூண்டில் ராடு செய்யப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் அடிப்பாகத்தை அளந்துவிட்டு, அதற்கேற்ற பிட்டைப் போட்டுத் தக்கையைப் பாழாக்குவார்கள். பாழானதைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து, அவரும் அவளுமாகச் சிரித்திருக்கிறார்கள்.

அவர் அளந்ததே கிடையாது. ராடை விரல்களுக்கு நடுவே ஒரு உருட்டு உருட்டுவார். கை தானாகப் போய்ச் சரியான பிட்டை எடுக்கும்.

அந்தக் கை இப்போது மடியில் கிடந்தது.

வலது கை, வலது கால், பேச்சு. மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. மூன்று மாதம் ஆகிறது.

அறிவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். ஆகவில்லை என்று அடித்துச் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் மூன்று மாதமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

தெரிந்துகொள்ளத்தான் இன்று, ஞாயிறு பூசை முடிந்ததும், சக்கர நாற்காலியை இந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். மேசைமேல் பாதியில் நின்றுபோன ராடு. அவளுக்காக அவர் ஆரம்பித்தது. இத்தனை வருடமும் துறைமுகப் பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கழித்துப்போட்ட ராடுகளைத்தான் அவள் வீசிக்கொண்டிருந்தாள்.

இப்போது தெரிந்துவிட்டது.

தெரியாமலே இருந்திருக்கலாம்.

தப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த முகத்தில் என்ன வரும் என்று நினைத்துப் பார்த்தாள். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. இன்றைக்கு ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது.

பதினான்கையே மெஷினில் பூட்டினாள்.

இருந்தது இந்த ஒரு தக்கைதான். வெளிநாட்டுச் சரக்கு. இனி எப்போது வருமோ.

பிட் இறங்கியது. பழுப்புத் தூள் அவள் மணிக்கட்டெல்லாம் படிந்தது. அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நிம்மதி. மூன்று மாதத்தில் அவள் பார்க்காத நிம்மதி. அதற்காக இன்னும் பத்துத் தக்கையைப் பாழாக்கலாம் என்று தோன்றியது.

தக்கையை ராடில் மாட்டிப் பார்த்தாள். ரீலுக்கு மேலே போனதும் தொளதொளவென்று ஆடியது.

இப்படி ஆடினால் கொடுவா மீன் வந்து கடித்தாலும் கைக்குச் சேதி வராது. ராடில் டேப் சுற்றித்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். டேப் சுற்றுவது அவருக்கு ஆகாது. ஏமாற்று வேலை என்பார்.

தக்கையைக் கழற்றினாள். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மறைத்தாயிற்று என்று நினைத்தாள். டேப்பை இழுத்ததும் சர்ரென்று அறை முழுக்கக் கேட்டது.

நிறுத்தினாள்.



மெதுவாக இழுத்தாள். மெதுவாக இழுத்தால் இன்னும் மோசமாகக் கேட்டது.

எப்படியோ இரண்டு சுற்று. கை தவறி டேப் உருளை மடியிலிருந்து நழுவி, தரையில் ஓடியது. ராடில் ஒட்டிய முனை அப்படியே இருக்க, டேப் அவளுக்குப் பின்னால் நீண்டுகொண்டே போனது.

எதிலோ முட்டி நின்றது.

நாற்காலி முனகியது. ஒரு பெருமூச்சு. மறுபடியும் முனகல். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தொய்ந்து கிடந்த டேப் மெல்ல எழும்பியது. விறைத்தது.

திரும்பினாள்.

உருளை அவருடைய இடது கையில் இருந்தது. டேப் தளராதபடி கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்ததில் நெற்றியெல்லாம் வியர்வை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. துளையிட்ட தக்கையைப் பார்த்தார். ராடைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, சுருக்கம் விழுந்து கிடந்த அவளுடைய இரண்டு சுற்றையும் பார்த்தார்.

வாய் ஒரு பக்கமாகக் கோணியது. உதடுகள் ஒன்றையொன்று தேடின.

"இறுக்கி," என்றார்.

மூன்று மாதத்தில் முதல் சொல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஈரம் பட்டால் டேப் ஒட்டாது. முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

அந்த இரண்டு சுற்றையும் பிரித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.