மதம் மாற வேண்டாம்

பெண் கேட்டு வந்த கணேஷ்குமாரைவிட ஜூலிக்குத்தான், பாவம், கை கால் ஓடவில்லை. அப்பா பெர்னார்ட் தத்துவப் பேராசிரியர்தான், ஆனாலும் ஞாயிறு பூசை தவறாதவர். இந்துப் பையனை ஏற்பாரா?

"நான் மதம் மாறணுமா, சார்?" அவனே கேட்டுவிட்டான்.

"எதுக்குப்பா? அவ சர்ச்சுக்குப் போகட்டும், நீ சாமுண்டி மலைக் கோயிலுக்குப் போ. என்ன வேலை?"

"காலேஜ்ல தத்துவம் சொல்லித்தர்றேன் சார்."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "அடடே! எந்தக் கட்சி? சொல்லைத் தர்க்கமா அலசுற இங்கிலீஷ்காரங்க தத்துவமா? வாழ்க்கை, சாவுன்னு பேசுற ஜெர்மன், பிரெஞ்சுத் தத்துவமா?"

"ஜெர்மன், பிரெஞ்சுதான் சார்."

காபி டம்ளர் ணங்கென்று மேசையில் இறங்கியது.

"வெறும் புகைமூட்டம்! ஆய்த்து, பேச்சு முடிஞ்சுது, கிளம்பு. என் பொண்ணு வேணும்னா எங்க கட்சிக்கு மாறிட்டு வா!"

ஜூலிக்கு அழுகை முட்டியது. அடுப்படியிலிருந்து அம்மா மரியபுஷ்பம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மாறிட்டேன்னு சொல்லிடு தம்பி. எங்கப்பாவும் புரொபசர், இவர் என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப இதையேதான் கேட்டார். உன் கட்சியில இருந்த இவர் அன்னைக்கே மாறிட்டார்."

அப்பா பதறி எழுந்தார். "புஷ்பம்!"

"பழைய புஸ்தகமெல்லாம் கட்டிலுக்கடியில இருக்கு. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு இன்னும் எடுத்துப் படிக்கிறார்."