முள்ளெடுத்த மீன்

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, ஜூலியஸ் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டான். கிறிஸ்துமசுக்கே வந்திருக்க வேண்டியவன். பரீட்சை நெருங்குகிறது, விடுதியில் தனியாகப் படிக்கிறேன் என்று அம்மாவுக்கு எழுதிவிட்டு, மகாதேவாவோடும் இன்னும் இரண்டு சிநேகிதர்களோடும் சாங்கி கடற்கரையில் ஆட்டமும் பாட்டுமாய்க் கிடந்தான். புத்தாண்டு பிறந்ததும் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

மலாயாவின் அசாம் ஜாவா ரப்பர் தோட்டத்து முள்வேலி வாசலில் காவலர் கொர்னேலியஸ் அவன் பையைத் துழாவினார். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு கவளம் சோறுகூட வெளியே விடமாட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எவர் வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. பொதுச் சமையல்கூடத்தில்தான் உலை கொதிக்கும். அன்று அங்கே இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கொர்னேலியஸ் ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தார். ஆவி பறந்தது.

"என்ன தம்பி, படிச்ச பிள்ளை நீயே இப்படிச் செய்யலாமா?"

"நான் வைக்கலண்ணே. சத்தியமா."

பிரித்தார். சோறும் முள்ளெடுத்து உதிர்த்த மீனும். அம்மா அவனுக்கு அப்படித்தான் கொடுப்பாள்.

"சரி, யாரும் பார்க்கிறதுக்குள்ள இங்கேயே தின்னுட்டுப் போ லா."

அவன் வேலியோரம் உட்கார்ந்து சோற்றில் கைவைத்தான். கொர்னேலியஸ் பைக்குள் மறுபடி கைவிட்டு இன்னொரு பொட்டலம் எடுத்தார். பிறகு இன்னும் இரண்டு.

"ஒருத்தனுக்கு எதுக்குப்பா நாலு?"

ஜூலியஸ் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தான். சிநேகிதர்களின் பெயரைக்கூட அவன் வீட்டில் சொன்னதில்லை.

கடைசிப் பொட்டலத்தில் மட்டும் மீன் இல்லை. கத்தரிக்காய்க் கறி இருந்தது. மகாதேவா மீன் தொடமாட்டான்.