ரேடியோ அக்காவின் பல்வலி

கன்னத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, ரேடியோ அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமா வலி விடல? டாக்டர்கிட்டப் போய் அந்தப் பல்ல எடுத்துரலாம், வா," என்றார் கணவர். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பல் ஒன்றும் வலிக்கவில்லை. கட்டு, வாய்க்குத்தான்.

சபையில் ரேடியோ அக்கா என்று பெயர் வைத்தது அவளுக்குத் தெரியாமல்தான். ஆனால் அந்தச் சபையில் அவளுக்குத் தெரியாமல் எது இருந்தது? யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகன் பரீட்சையில் கோட்டை விட்டான், எல்லாம் அவள் காதில் விழுந்தால் போதும். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடைசியில் அது சொந்த வீட்டிலேயே கைவைத்தது. நாத்தனாரின் கணவருக்கு வேலை போன விஷயத்தை, "ஜெபிச்சுக்கங்க" என்று சொல்லியே நாலு பேரிடம் அவிழ்த்துவிட்டாள். அன்றோடு நாத்தனார் இந்த வாசலை மிதிக்கவில்லை; ஆராதனையில்கூட எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்தாள். கணவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தங்கை வந்தால் உட்காரும் நாற்காலியை மட்டும் அடிக்கடி பார்த்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் முயலாமல் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில் நின்று, "இனிமே வாயத் திறக்க மாட்டேன் ஆண்டவரே" என்பாள். வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் யாரையாவது பற்றி ஆரம்பித்திருப்பாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஒரே மன்னிப்பை எத்தனை தடவைதான் கேட்பது? கேட்டுக் கேட்டு ஆண்டவருக்கே சலித்திருக்கும்.

போன ஞாயிறு, ஆலயச் சமையலறையில் டீ கப்புகளைக் கழுவிக்கொண்டே பாஸ்டர் அம்மாவிடம் தன் வாயைப் பற்றி எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். அழவெல்லாம் இல்லை; கப்பைத் தேய்க்கிற கோபத்திலேயே சொன்னாள். "கவலப்படாதீங்க அக்கா, ஜெபத்துல வெச்சுருவோம்," என்றார் பாஸ்டர் அம்மா.

மறுநாள் முதல் பல்வலி. கட்டைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டு நகர்ந்தார்கள். தையல்காரி தன் பக்கத்து வீட்டுக் கதையை அவ்வளவு ருசியாகச் சொன்னபோதும், "ம்" என்பதோடு திரும்பி வந்தாள். வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. ஆனாலும் ஜெயித்துவிட்டாள்.

போன் அடித்தது. ஜெபச் சங்கிலியாகத்தான் இருக்கும். சபைப் பெண்களில் ஒருத்தி ஜெபக்குறிப்பை அடுத்தவளுக்குப் போனில் சொல்ல, அவள் அடுத்தவளுக்குச் சொல்வாள். நர்ஸம்மாவிடமிருந்து கேட்டுக்கொள்ளும் ரேடியோ அக்காதான் கடைசி ஆள். அவளுக்குப் பிறகு யாரையும் வைக்காதது ஒரு முன்ஜாக்கிரதை.

எடுத்தால், நாத்தனார் குரல்!

"அண்ணி, நான்தான்."

கட்டைச் சரசரவென்று கீழே இழுத்துவிட்டாள். "நல்லாருக்கியாம்மா? எப்பவும் நர்ஸம்மாதானே கூப்பிடுவாங்க?"

"இன்னிக்கு நான் பேசறேன்னு அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஒரு ஜெபக்குறிப்பு அண்ணி. நம்ம சபையில ஒரு சகோதரி, வாய அடக்க முடியாமத் தவிக்கிறாங்களாம். பாஸ்டர் அம்மா கால்ல விழுந்து கதறி அழுதாங்களாம். தண்ணிகூடக் குடிக்காம உபவாசமாம். அவங்களால ஒரு குடும்பமே பிரிஞ்சிருச்சாம். பேர் மட்டும் யாருக்கும் தெரியாது."

கதறி அழுதாளா? உபவாசமா? யாரவள்? ரேடியோ அக்காவின் நாக்கு நுனியில் ஓர் ஆள் வந்து நின்றாள். விழுங்கினாள். மறுபடி வந்து நின்றாள்.

"கண்டிப்பா ஜெபிக்கறேம்மா," என்று சிரமப்பட்டுச் சொன்னாள். அதோடு வைத்துவிட வேண்டும். ஆனால் நாத்தனார் வைக்கவில்லை.

"அவங்க நெஜமாவே திருந்தணும்னு நெனைக்கிறாங்க போல. இல்ல அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள். எதற்கோ காத்திருப்பது போலிருந்தது அந்தக் குரல்.

இத்தனை நாள் கழித்துப் பேசுகிறவளிடம் வெறும் வாயோடா பேசுவது?

"திருந்தறதா, அவளா! யாருன்னு எனக்குத் தெரியாதா? பாட்டுக்குழு டீச்சரம்மாதான். வேற யாரு? மாமியார வீட்ட விட்டு அனுப்புன கதை தெரியுமா உனக்கு? யார்கிட்டயும் சொல்லிராத..." ஒரு வாரத்துக்கும் சேர்த்து மளமளவென்று கொட்டினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது மறுமுனையில் சத்தமே இல்லை.

"ஹலோ! லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன்," என்றாள் நாத்தனார். "அது நீங்கன்னு நெனச்சுத்தான் அண்ணி கூப்பிட்டேன்."