குளத்துக்குப் பன்னிரண்டு தாரா

"மானேஜருக்குத் தாரா செஞ்சு குடுக்கப் போறீங்களாமே, உள்ளதா?"

சண்முகவடிவு குளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலையில் தாமரை இலைக் கட்டு, முழங்கால் வரை சேறு. குளக்கரையில் பேசிக்கொண்டார்களாம். அங்கே விழுகிற பேச்சு வெயில் சாய்வதற்குள் மலைமேல் எஸ்டேட் வரை ஏறிவிடும்.

அவள் புருஷன் தங்கப்பன் ஆசாரி உளியை நிறுத்தாமல் ஆமாம் என்றார், மரத்தில் தாரா வாத்து. பன்னிரண்டு.

முருக்கு மரத் தடியில் பறவை செய்ய அவரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அவர் செய்த மீன்கொத்தியைக் கருங்கல் சந்தையில் ஒரு பூனை கவ்விக்கொண்டு ஓடியது. எஸ்டேட் மானேஜர் அவரைத் தேடி வந்ததும் அதனால்தான். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார துரை தன் ரெட்டைக்குழல் துப்பாக்கியை மானேஜரிடம் விட்டுப் போயிருந்தார். மரத் தாராக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், தங்கள் கூட்டம் என்று நம்பி மேலே பறப்பவை வந்து இறங்கும், இறங்கியதும் சுடலாம். இது துரை சொல்லிக்கொடுத்த வித்தை.

கார்த்திகை பிறந்தால் அந்தக் குளத்துக்கு எங்கிருந்தோ தாராக்கள் வரும். வடிவு இடுப்பளவு நீரில் நின்று இலை பறிக்கும்போது, கையெட்டும் தூரத்தில் தலையைத் தண்ணீரில் விட்டு மேய்ந்துகொண்டிருக்கும்.

"மாட்டேன்னு சொல்லக்கூடாதா?"

"நான் மாட்டேன்னா வேற ஆளு செய்வான்."

"செய்யட்டும். உங்க கையால வேண்டாம்."

அவர் அடுத்த தடியை எடுத்தார். அன்றிலிருந்து வடிவு சோற்றை வைத்துவிட்டுப் போனாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செய்கிற பறவைக்கெல்லாம் சாயம் பூசுவது அவள்தான். இந்த முறை அவள் தொடவில்லை, அவரே பூசிக்கொண்டார்.

பதினேழாம் நாள் மானேஜர் ஜீப்பில் வந்தார். ஒன்றைக் கையில் எடுத்து நீண்ட கழுத்தைத் தடவிப் பார்த்தார். பட்டாளக்காரன் மாதிரி நிற்கிறதே என்று அவருக்கு வெகு சந்தோஷம். ஏமானுக்குப் பிடித்தால் போதும் என்றார் ஆசாரி.

மறுநாள் காலை பன்னிரண்டும் குளத்தில் மிதந்தன. வடிவு அடுக்களையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெடிச் சத்தம் கேட்கவே இல்லை. உச்சிவெயிலில் ஜீப் திரும்பிப் போனது. வேடிக்கை பார்க்கப் போன பக்கத்து வீட்டுப் பொன்னுலிங்கம் வந்து சொன்னார்: தாழ வந்த கூட்டமெல்லாம் ஒரு வட்டம் அடித்துவிட்டு மேலேறிப் போய்விட்டது, இனி மலையில் பன்றி சுடுவதே மேல் என்று மானேஜர் சொல்லிவிட்டாராம்.

அவர் போனதும் வடிவு வாய் திறந்தாள்.

"நான் அப்பமே பாத்தேன். கழுத்து சரியில்ல. நம்ம குளத்துத் தாரா எதுவும் அப்படி நட்டுக்கிட்டு நிக்காது. கை தப்பிப் போச்சா?"

"கை தப்பல. ஆளக் கண்டு பயந்துட்டா, பறக்கதுக்கு முந்தி அது அப்படித்தான் நிக்கும். அதப் பாத்தா மத்தது இறங்காது."

"இத்தன வருசமா நான் ஒருநாளும் கண்டதில்லியே?"

"நீ எப்படிட்டி காணுவ? உன்னப் பாத்து அதுக பயந்தாத்தானே."