பெயரில்லாத முதலாளி

இன்றைக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள், அந்த எம்.பி.ஏ. நிதி வகுப்பிலேயே வயதில் மூத்தவள்.

நொடித்து மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் கதையைப் பேராசிரியர் பாடமாகக் கொடுத்திருந்தார். முதலாளியின் பெயர் அதில் இல்லை.

"அவ்வளவு நஷ்டத்துலயும் ஒருத்தரைக்கூட வேலைய விட்டு அனுப்பலையே! அச்சகம் நடத்தினாரா, தர்ம சத்திரமா?" என்றான் ஒருவன்.

"பொண்டாட்டியாவது புத்தி சொல்லியிருக்கலாம்!" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது.

பேராசிரியர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க வாங்கம்மா. அந்த மனுஷன் பண்ணின தப்பையெல்லாம் போர்டுல எழுதுங்க."

அவள் எழுந்தாள். ஆனால் அவர் நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

"அவர் என் வீட்டுக்காரர் சார். அவர் போனப்புறம், எங்க தப்பாச்சுன்னு புரிஞ்சுக்கத்தான் இந்தப் படிப்புல சேர்ந்தேன். இப்பப் புரியுது. ஆனா அதை என் கையால எழுத மாட்டேன்."